கோடும் குடியும்: நகரத் திட்டமிடற் கல்வி பற்றியதொரு திறனாய்வு

ஒரு கலையின் தகுதியை அதனைப் பயில்வோர் தேர்வில் எழுதும் விடைகளைக் கொண்டு மட்டும் அளந்துவிடல் இயலாது. மருத்துவக் கல்வியின் தகுதி நோயாளியின் படுக்கையருகே வெளிப்படும். சட்டக் கல்வியின் தகுதி வழக்காடு மன்றத்தில் வெளிப்படும். அவ்வாறே நகரத் திட்டமிடற் கல்வியின் தகுதி, திட்டமிடப்பெற்ற ஊரின் தெருவிலும் முற்றத்திலும் கிணற்றடியிலும் வெளிப்படுதல் வேண்டும். இலங்கையில் இக்கலை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இளமாணிப் பட்டப்படிப்பாகப் பயிற்றப்பெறுகின்றது. பள்ளியினின்றும் நேரே வரும் இளைஞர்க்கு இத்தகையதொரு பட்டம் பொருந்துமோ, பொருந்துமாயின் அஃது எத்தகைய அறிவை முதற்கண் ஈதல் வேண்டும் என்னும் வினாக்கள் தலைநகரின் அலுவலகங்களுக்கே உரியன எனப் பலர் கருதுவர். ஆயின், கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மருதமுனை என்னும் நெசவாளர் ஊரில் நின்று நோக்குமிடத்து, அவ்வினாக்கள் வேறொரு கூர்மை பெறுகின்றன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவ்வூரார் பலரின் வாழ்வை மாற்றியமைத்தது, தொலைவிலிருந்து வரையப்பெற்ற ஒரு கோடு ஆதலின்.

நகர் சமைத்தல் பழந்தொழில். அதனைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தல் அண்மைக்காலத்தது. 1909இல் இலிவர்ப்பூல் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனித்துறையொன்றை நிறுவிற்று. அத்துறையிற் பேராசிரியராய் விளங்கிய பற்றிக் ஏபர்குரொம்பியே பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் அமைப்புக்கும், 1940களின் இறுதியிற் கொழும்புப் பிரதேசத் திட்டத்துக்கும் வழிகாட்டியவர் என்பது இலங்கை மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. தொடக்க காலத்தில் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் நில அளவையாளரும் தத்தம் தொழிலைக் கற்றுத் தேர்ந்த பின்னர் மேற்கொள்ளும் மேற்படிப்பாகவே இக்கல்வி பெரிதும் கருதப்பெற்றது. 1950இல் பிரித்தானியாவில் வெளிவந்த சூஸ்டர் குழுவின் அறிக்கை இக்கருத்தை ஒரு வகையில் மாற்றிற்று. திட்டமிடல் வரைபலகையோடு முடியும் தொழிலன்று, அது சமூகத்தையும் பொருளாதாரத்தையும் தழுவிய செயல் என்று அக்குழு வற்புறுத்தியது. ஆதலாற் பல துறைப் பட்டதாரிகளுக்கும் அதன் வாயில் திறத்தல் வேண்டுமென்றது. எனினும், வாயிலை அகலமாக்கிய அக்குழு, நுழையும் பருவத்தை முற்படுத்த விழையவில்லை. முதலில் ஒரு பட்டம், பின்னரே திட்டமிடற் கல்வி என்பதே அதன் சார்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தையொட்டி நியூகாசில் நகரில் இக்கலையை இளமாணிப் பட்டமாகவே கற்பிக்கும் முயற்சி தோன்றியிருந்தது. 1955இல் தில்லியிற் பிறந்த திட்டமிடற் பள்ளியோ பல்லாண்டுகள் பட்டதாரிகளையே மாணவராகக் கொண்டது.

இலங்கையிற் சட்டம் முந்திற்று, கல்வி பிந்திற்று. 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச்சட்டம் நிறைவேறிய காலத்தில், அதனைச் செயற்படுத்தற்குரியாரைப் பயிற்றும் துறையெதுவும் இந்நாட்டிற் கிடையாது. கட்டுபெத்தையிற் பின்னர் அமைந்த துறையும் முதலிற் பட்டப்பின் கல்வியையே அளித்தது. இளமாணிப் பட்டம் அதற்கு நெடுங்காலம் பின்னரே வந்தது. வந்தபோது, உயர்தரத்திற் கணிதத்துறை பயின்றார்க்கு மட்டும் உரியதாக அமையாது, புவியியல், பொருளியல் முதலியவற்றைப் பயின்றார்க்கும் இடங்கொடுப்பதாக அமைந்தது. இஃது இப்பட்டத்தின் சிறப்புக்களுள் ஒன்று.

இளமாணிப் பட்டமாக இக்கலையைக் கற்பித்தலை மறுப்போர் கூறும் காரணம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இருபது வயதினன் வீடு கட்டியறியான், வரி செலுத்தியறியான், காணி வழக்கிற் சிக்கியறியான். ஒரு தொழிலில் வேரூன்றாமலே எல்லாத் துறைகளிலும் சிறிது சிறிது கற்றவன், பொறியியலாளர் முன்னிலையிற் பொறியியலும் பொருளியலார் முன்னிலையிற் பொருளியலும் பேசமாட்டாது, கொழுகொம்பில்லாக் கொடிபோல் தளர்வான் என்பது அவர்தம் வாதம். இதனை ஏற்போர் கூறும் விடையும் வலிமையுடையது. பொறியியலாளனாய்ப் பயின்றவன் தெருவை வாகனங்களின் வழியாகவே காண்பான். கட்டடக் கலைஞன் ஊரைக் கட்டடங்களின் வரிசையாகக் காண்பான். முதற்கல்வி விழியிற் படியும் படலம். பின்வரும் ஈராண்டுக் கல்வி அதனை எளிதில் அகற்றாது. ஊரை ஊராகவே காணும் பார்வை வேண்டுமாயின் இளமையிலேயே அதனைப் பழக்குதல் வேண்டும் என்பர் அவர்.

இவ்விரு சாராரும் மாணவன் எப்பருவத்தில் வருகின்றான் என்பதைப் பற்றியே வாதிடுகின்றனர். வந்தவன் எதனை முதலிற் பார்க்கப் பழகுகின்றான் என்னும் வினா இருவர் வாதத்திலும் பின்தங்கிவிடுகின்றது. அவ்வினாவின் அருமையை மருதமுனை உணர்த்துகின்றது.

அவ்வூரின் பெயரில் மருதம் உண்டு. அதன் கிழக்கெல்லையோ நெய்தல். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு. வடக்கிலும் தெற்கிலும் வாழ்வோர் பெரும்பாலும் தமிழ் இந்து மக்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு நாடறிந்தது. இடையே மருதமுனையில் வாழ்வோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர் பெற்ற அவ்வூர், புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும் சிறுகதையாசிரியர் மருதூர்க் கொத்தனையும் தமிழுக்குத் தந்த ஊருமாகும். அல்-மனார் மத்திய கல்லூரி, ஷம்ஸ் மத்திய கல்லூரி என்னும் இரு பெரும் பள்ளிகள் அங்குள்ளன. இத்துணைச் சிறப்புக்களும் நான்கு திசையும் அடைபட்ட ஒரு சிறு நிலப்பரப்பிற் செறிந்து கிடக்கின்றன. பரந்து விரிய அவ்வூருக்குத் திசையில்லை. ஒவ்வொரு வளவும் தலைமுறைதோறும் கூறுபடுகின்றது.

அக்கூறுபாட்டுக்கும் ஓர் ஒழுங்குண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடத்தும் இந்துக்களிடத்தும் தாய்வழிக் குடி முறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மகளுக்கு மணம் நிகழுங்கால் வீடே சீதனமாகின்றது. மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்கின்றான். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்தவளுக்கு ஈந்து, அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடமைத்து, இளையவளுக்கு அதனை விட்டுச் செல்வதும் உண்டு. இவ்வாற்றால் உடன்பிறந்த மகளிர் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழ்கின்றனர். பிள்ளை வளர்ப்பும் நோயாளியைப் பேணலும் நெசவில் ஒருவர்க்கொருவர் உதவலும் அவ்வேலிகளின் ஊடே நடைபெறுகின்றன. பள்ளிவாயில் நிருவாகத்திற் குடிதோறும் மரைக்காயரைத் தெரிந்தெடுத்தல் அப்பகுதியின் பழைய வழக்கு. ஆதலின், நில அளவையாளரின் படத்தில் ஒழுங்கற்றவையாய்த் தோன்றும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் கோணலான வேலிகளும் உறவின் வரைபடம் எனத் தகும்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் காலையிற் கடல் எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையின் எம்மாவட்டத்தினும் அங்கேயே இழப்பு மிகுதி. மருதமுனையின் கரையோரக் குடியிருப்பு அழிந்தது. அதனைத் தொடர்ந்து அரசு கரையோரத்தில் மீளக் கட்டிடத் தடைவிதித்து ஒரு வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒடுங்கிய கரையூர்களில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியையே விழுங்கும் அளவு. எதிர்ப்பு எழுந்தது, மீளாய்வு நிகழ்ந்தது, இடத்துக்கிடம் மாறும் குறைந்த அளவுகள் பின்னர் வகுக்கப்பெற்றன. கல்முனைக் கரையில் 65 மீற்றர் என்னும் அளவு நிலைத்தது. அவ்வலயத்தினின்றும் பெயர்க்கப்பெற்றோர்க்காக மருதமுனையில் எழுந்த குடியிருப்பு இன்றும் மக்கள் வாயில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே வழங்குகின்றது. தமிழூர்கள் மரத்தாலும் நீராலும் மேட்டாலும் துறையாலும் பெயர்பெற்றன. இக்குடியிருப்போ ஓர் அளவைநாடாவாற் பெயர் பெற்றது.

அலை 65 மீற்றரில் நின்றதன்று; அதற்கப்பாலும் நெடுந்தூரம் சென்று உயிர்களைக் கவர்ந்தது. நில உயரம், மணல்மேடு, முகத்துவாரம், தாவரச் செறிவு ஆகியவற்றுக்கேற்ப அதன் வலிமை இடத்துக்கிடம் வேறுபட்டது. எனவே கோட்டின் அளவு, கடலின் ஆற்றலையும் முற்ற அறிந்து வகுத்ததன்று. குடியின் இயல்பையும் முற்ற அறிந்து வகுத்ததன்று. இருவேறு அறியாமைகளுக்கு இடையே அது நேராகச் சென்றது.

வழங்கப்பெற்ற வீடுகளின் கதையும் அத்தகையதே. வீட்டுக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு தலைவர் என்னும் கணக்கு எழுத்துமுறைக்கு எளிது. தாயின் சீதனக் காணியில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கிழக்கிலங்கையிற் பல இடங்களில் ஆடவர் பெயராற் புதுவீடு பதிவானபோது, பெண்வழிச் சொத்து ஒரு கையொப்பத்தால் ஆண்வழிச் சொத்தாயிற்று. பல மாடி வீடுகளோ எதிர்காலத்திற் கூறுபடுத்தற்கு இடமளிப்பனவல்ல. இரு மகளிரையுடைய தாய், இரண்டாமவளுக்கு எதனை ஈவாள் என்னும் வினாவுக்கு எந்த மாதிரிப்படத்திலும் விடையில்லை. நெசவாளன் நிலையும் அவ்வாறே. தறிக்கு இடம் வேண்டும். பாவு நீட்ட இடம் வேண்டும். சாயமிட்ட நூலைக் காயவிட முற்றம் வேண்டும். குடியிருப்பு வலயம் வேறு, தொழில் வலயம் வேறு எனப் பிரிக்கும் பாடநூற் கொள்கை, புகைபோக்கிகள் நிறைந்த ஆங்கில ஆலை நகரங்களின் துன்பத்திற் பிறந்தது. அங்கு அது நன்மருந்து. தறியும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் ஆடும் ஊரில் அம்மருந்தை அளவறியாது கொடுப்பின் அது பிணியாகும்.

திட்டமிடல் கட்டடத்தோடு முடிவதன்று என்பதற்கு அதே மாவட்டத்தின் நுரைச்சோலை சான்றாகும். அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆழிப்பேரலையால் வீடிழந்தோர்க்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் அங்குக் கட்டப்பெற்றன. அவற்றை யார்க்கு, எவ்விகிதத்தில் வழங்குவது என்னும் பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டி முடிந்த வீடுகள் பல்லாண்டுகள் ஆளற்றுக் கிடக்க, அவற்றைச் சுற்றிக் காடு வளர்ந்தது. தளக்கோலத்திலும் சுவரிலும் குறைகாண்போர்க்கும் விளங்குவது ஒன்றுண்டு: அங்குத் தவறியது சுண்ணாம்பும் செங்கல்லும் அல்ல, காணிச் சட்டமும், அயலினங்களின் ஐயமும், பங்கீட்டின் நீதியும் முன்னரே ஆராயப்பெறாமை. ஊருக்கு ஊர் இனம் மாறி அமைந்துள்ள அம்பாறைக் கரையில் எல்லைக்கோடு எதுவும் வெறுங்கோடாக இருப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மொறட்டுவைப் பட்டத்தைக் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. பேரிடரின் மறுவாரங்களில், பிணங்கள் முற்றும் அடக்கப்பெறாத நிலையில், அரசு எதையேனும் அறிவிக்க வேண்டியிருந்தது. கரையினின்றும் மக்களை அகற்றல் வேண்டும் என்னும் எண்ணமும் அன்பின்பாற்பட்டதே. கரைகாத்தற்கென 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் முன்னரே இருந்தது. அது செம்மையாகப் பேணப்பெற்றிருப்பின் இழப்புச் சிறிதேனும் குறைந்திருக்கலாம். கடல் ஊரை விழுங்கும் என்பதைத் தமிழர்க்குப் புதிதாகக் கூறவேண்டுவதில்லை. புகார் நகரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. ஆகவே கோடு வேண்டாம் என்பது இத்திறனாய்வின் முடிபன்று. ஊரைக் கல்லாது வரைந்த கோடு காக்கவும் மாட்டாது, வாழவிடவும் மாட்டாது என்பதே முடிபு.

ஊரைக் கற்றல் எவ்வாறு என்பதற்கு இத்துறையின் முன்னோருள் ஒருவரே வழி காட்டியுள்ளார். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் உயிரியல் வல்லுநர். பின்னர் நகரியலுக்கு வந்தவர். 1914ஆம் ஆண்டு தொடங்கி அவர் இந்திய நகரங்கள் பலவற்றை நடந்து கண்டார். 1915இல் சென்னை மாகாண நகரங்களைப் பற்றி எழுதுகையில், தஞ்சையிலும் மதுரையிலும் நெருங்கிய குடியிருப்புக்களை இடித்துத் தள்ளி நேர்ச்சாலை இடும் திட்டங்களை அவர் கண்டித்தார். இங்கொரு பாழ்வீட்டை அகற்றலாம், அங்கொரு சந்தினைச் சற்றே விரிக்கலாம், ஒரு மரத்தடியை வெளியாக்கலாம். பெரும்பாலான வீடுகளை அவ்வாறே விட்டுவிடலாம் எனக் காட்டினார். சிக்கனமான அறுவை மருத்துவம் போன்ற இம்முறையிற் செலவும் குறைவு, பெயர்க்கப்படும் மக்களும் சிலர். திட்டத்துக்கு முன் ஊராய்வு என்பதே அவர்தம் விடாப்பிடி. 1921இற் கொழும்பு நகரைப் பற்றியும் அவர் அறிக்கை தந்தார். முறையான பட்டமெதனையும் பெறாத அவரே இக்கல்வியின் ஆசான்களுள் ஒருவராகப் போற்றப்பெறுதல், பட்டங்களைப் பற்றி ஆராய்வோர் மறத்தற்குரியதன்று.

தமிழ் மாணவனுக்கு இன்னோர் ஆசானும் உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாக வகுத்து, இடையே சோலையின் நிழலில் நாளங்காடியை வைக்கின்றார். கடலையடுத்த பாக்கத்தில் அயல்நாட்டு வணிகரும், மீன் விற்போரும், நூல்வினை வல்ல காருகரும், மற்றும் பல தொழிலோரும் வாழ்கின்றனர். எந்தத் தெருவின் அகலத்தையும் அடிகள் அளந்து கூறவில்லை. எத்தெருவில் யார் வாழ்ந்தனர், என்ன செய்தனர் என்பதையே நிரல்படக் கூறுகின்றார். காப்பியம் நில அளவைப் படமாகாது. அதனைத் திட்டமாகக் கொண்டு நகர் சமைக்க முனைதலும் பேதைமை. ஆயின், ஓர் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் வினா யாது என்பதை அது பிழையறக் கற்பிக்கின்றது. கடலோரத்தில் நெசவாளர் வாழும் மருதமுனையை ஆராயப் புகும் மாணவன் அக்காதையைக் கற்றுச் சென்றால் இழப்பொன்றுமில்லை.

இவ்வாறு நோக்கின், இளமாணிப் பட்டத்தின் மீதுள்ள குறையாகக் கூறப்பெற்ற இளமையே அதன் பேறாகலாம். முதுமாணிக் கல்வி பெரும்பாலும் பணியிலிருப்போர் மாலைநேரத்திற் பயிலும் குறுகிய கல்வி. நான்காண்டு முழுநேரக் கல்வியில் ஓர் ஊரை மாரியிலும் கோடையிலும், நோன்பிலும் பெருநாளிலும், திருவிழாவிலும் வெள்ளத்திலும் மீண்டும் மீண்டும் காணும் வாய்ப்புண்டு. கரையோரப் பள்ளியினின்றும் வரும் மாணவி, குடிமுறையையும் சீதன வீட்டையும் நூலிற் கற்றறிய வேண்டுவதில்லை. அவற்றுள்ளேயே பிறந்தவள் அவள். அவளுக்கு வேண்டுவது, அவ்வறிவை அளவாகவும் படமாகவும் சட்ட மொழியாகவும் மாற்றி, தீர்மானம் செய்வோர் மறுக்கவியலாவண்ணம் முன்வைக்கும் பயிற்சி. அப்பயிற்சியை அளிப்பின் பட்டம் தகுதியுடையது. தான் பிறந்த ஒழுங்கையை ஒழுங்கின்மையென வெறுக்க மட்டும் கற்பிப்பின், அது வரைவோர் ஒருவரைப் பெற்றுத் தந்து ஊரார் ஒருவரை இழக்கச் செய்யும்.

ஈண்டு மொழியின் இடர்ப்பாட்டையும் கூறாது விடல் இயலாது. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. உலக நூல்களைக் கற்றற்கு அது வேண்டுவதே. ஆயின், வலயம், காணிப்பயன்பாடு, வடிகால், பின்னகர்வு எல்லை என்பன குறித்து மருதமுனை மூதாட்டி ஒருத்தியிடம் தெளிவாக உரையாடவும், அவள் தமிழிற் கூறும் மறுப்பை அறிக்கையிற் சிதைவின்றிப் பதியவும் வல்லவரே அக்கரைக்குத் திட்டமிடுதற்கு உரியவர். வளவு, ஒழுங்கை, வட்டை, முகத்துவாரம், தோணா என்னும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி இளைப்பதினும், அவற்றையே கலைச்சொற்களாகப் பேணுதல் நன்று. ஒலுவிலிற் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியில் தோன்றியது. புவியியலும் பொறியியலும் அங்குப் பயிற்றப்பெறுகின்றன. அப்பல்கலைக்கழகமும் மொறட்டுவைத் துறையும் கைகோத்துக் கல்முனைக் கரையூர்களை ஆண்டுதோறும் ஆய்ந்து, அவ்வாய்வைத் தமிழில் ஊராரிடமே ஒப்படைக்குமாயின், மற்றொரு பேரிடர் வருமுன்னரே ஊரைப் பற்றிய அறிவு ஆயத்தமாக இருக்கும். 2005இல் இல்லாது போனது அவ்வறிவே.

நெசவாளன் முதலிற் பாவை இழைத்து நிறுத்துகின்றான். பின்னரே நாடா ஓடுகின்றது. ஊராய்வு பாவு, திட்டம் ஊடை. பாவின்றி எறிந்த நூல் எத்துணை நேராகச் சென்றாலும் துணியாவதில்லை என்பதை மருதமுனைச் சிறுவரும் அறிவர். நகரத் திட்டமிடலிற் பட்டம் பெறுவோரும் அதனை அறிந்தே வெளியேறுவாராயின், அப்பட்டம் எப்பருவத்தில் அளிக்கப்பெற வேண்டும் என்னும் வழக்கு தானே தீர்ந்துவிடும்.